மூளை ரத்தக்குழாய் அடைப்பு: குழாய் விட்டு எடுப்பதா, மருந்தை நம்புவதா?

வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்துபோன ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். ஸ்கேன் எடுத்துவிட்டு, மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்கிறார்கள். உடனே குடும்பத்தார் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆஞ்சியோ பண்ணி எடுக்க முடியாதா, டாக்டர்?" இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நடமாடுகிறவர் தெருவுக்கு நாலு பேர் இருக்கிற காலத்தில் இந்தக் கேள்வி வருவது இயல்பு. ஆனால் மூளையைப் பொறுத்தவரை இதற்கு ஒரே பதில் கிடையாது.

மூளை ரத்தக்குழாய் அடைப்பு என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வேறு நிலைமைகள் இருக்கின்றன. ஒன்று, எங்கிருந்தோ வந்த ரத்தக்கட்டி பெரிய குழாயைத் திடீரென்று முழுசாக அடைத்துவிடுவது. மற்றொன்று, வருஷக்கணக்கில் உள்சுவரில் கொழுப்பு படிந்து குழாய் சுருங்கியிருப்பது. ரத்தம் இன்னும் ஓடுகிறது, ஆனால் வழி குறுகிவிட்டது. முதல் நிலைமையில் மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சை, மருந்து மட்டும் கொடுப்பதைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் மருந்து ஸ்டென்ட்டைத் தோற்கடித்திருக்கிறது. குடும்பத்தார் முடிவெடுக்க உட்காரும்போது எது நம் கேஸ் என்று தெரிந்துகொள்ளாவிட்டால், அவசரப்பட வேண்டிய இடத்தில் தயங்குவார்கள். தயங்க வேண்டிய இடத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போடுவார்கள். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

ரத்தக்கசிவால் வரும் பக்கவாதம் இந்தக் கணக்கில் சேராது. கசிவா அடைப்பா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் சிடி ஸ்கேன்.

திடீர் அடைப்பில் மருந்து என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி. 1995ல் அமெரிக்காவில் 624 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஆல்டிபிளேஸ் என்கிற மருந்து முதன்முதலாகத் தன்னை நிரூபித்தது. அறிகுறி தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் அதைப் போட்டவர்களில் 39 சதவீதம் பேர் மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய ஊனமில்லாமல் இருந்தார்கள். போடாதவர்களில் 26 சதவீதம். அதற்குக் கொடுத்த விலை, மூளைக்குள் ஆபத்தான ரத்தக்கசிவு: ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம், போடாதவர்களில் 0.6 சதவீதம். 2008ல் வந்த ஐரோப்பிய ஆய்வு காலக்கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஆல்டிபிளேஸை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அதன் தம்பி போன்ற டெனெக்டிபிளேஸை ஒரே தடவையில் ஊசியாகச் செலுத்திவிடலாம். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசும் பக்கவாதத்துக்கு இதை அனுமதித்தது.

ஊசியின் பெரிய பலம், சிடி ஸ்கேனும் பயிற்சி பெற்ற டாக்டரும் இருக்கிற எந்த ஊரிலும் போடலாம் என்பது. பலவீனம், பெரிய குழாயில் உட்கார்ந்த பெரிய கட்டியிடம் அது பெரும்பாலும் தோற்றுப்போகிறது. எவ்வளவு தோற்கிறது என்பதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 2018ல் வந்த ஓர் ஆய்வில், பெரிய குழாய் அடைபட்டவர்களுக்கு ஊசி போட்டுவிட்டு, கட்டியை எடுக்க ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஆல்டிபிளேஸ் போட்டவர்களில் 10 சதவீதம் பேருக்கும், டெனெக்டிபிளேஸ் போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கும்தான் அதற்குள் ரத்த ஓட்டம் போதுமான அளவு திரும்பியிருந்தது. மற்றவர்களுக்குக் கட்டி அங்கேயேதான் இருந்தது. ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகிற நேரம் அது.

அப்புறம், ஊசியே போடக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். சமீபத்தில் பெரிய ஆபரேஷன் ஆனவர்கள், இதயத் துடிப்புக் கோளாறுக்காக ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலர், பிபி 185க்கு 110க்கு மேல் ஏறி இறங்க மறுக்கிறவர்கள், நேரம் கடந்து வந்தவர்கள். மருந்து மட்டுமே இருந்த காலத்தில் இவர்களுக்குச் செய்ய அதிகம் ஒன்றுமில்லை.

குழாய் விட்டுக் கட்டியை எடுப்பது இப்படி நடக்கிறது. தொடை மடிப்பில், சில இடங்களில் மணிக்கட்டில், ரத்தக்குழாயைத் துளைத்து மெல்லிய குழாயைக் கழுத்து வழியாக மூளை வரை ஏற்றுகிறார்கள். கட்டி இருக்கிற இடத்தில் கம்பி வலை ஒன்றை விரித்து, அது கட்டியைக் கவ்வியதும் இழுத்து வெளியே எடுக்கிறார்கள். அல்லது பெரிய துளையுள்ள குழாயால் கட்டியை உறிஞ்சி எடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. இந்த வலை ஸ்டென்ட் போலத்தான் இருக்கும், ஆனால் உள்ளே தங்காது. கட்டியோடு வெளியே வந்துவிடும். "தலையில் ஸ்டென்ட் வைத்தார்கள்" என்று வீட்டில் பிறகு சொல்லிக்கொள்வது பல கேஸ்களில் சரியில்லை. டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் உண்மையிலேயே ஸ்டென்ட் வைத்திருந்தால் பின்னால் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் வேறு.

இந்தச் சிகிச்சை சுலபமாக ஜெயித்துவிடவில்லை. 2013ல் ஒரே நேரத்தில் வெளியான மூன்று ஆய்வுகள் ஊசியைவிட இதில் கூடுதல் பலன் இல்லை என்று சொல்லிவிட்டன. பலர் இதைக் கைகழுவத் தயாரானார்கள். ஆனால் அந்த ஆய்வுகளுக்குள் பார்த்தால் தோல்விக்கான காரணம் தெரிகிறது. முக்கியமான ஒன்றில் பெரிய குழாய் அடைபட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே படம் எடுத்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்கவில்லை. எடுக்கக் கட்டியே இல்லாதவர்களும் உள்ளே வந்தார்கள். கருவிகள் பழைய தலைமுறை. சிகிச்சை தொடங்குவதற்குள் நேரம் ஓடிவிட்டது.

2015ல் நெதர்லாந்து நாட்டு ஆய்வு நிலைமையைத் தலைகீழாக்கியது. எம்.ஆர். கிளீன் என்று பெயர். 16 ஆஸ்பத்திரிகள், 500 பேர், முதல் 6 மணி நேரத்துக்குள் வந்தவர்கள். அந்த நாட்டில் ஆய்வுக்குள் சேர்ந்தால்தான் இந்தச் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் என்று வைத்திருந்தார்கள். ஆய்வின் தரத்தைத் தூக்கி நிறுத்தியதில் இந்த விதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல பலன் கிடைக்கும் என்று டாக்டர் நம்புகிற நோயாளிக்கு ஆய்வுக்கு வெளியே சிகிச்சை செய்துவிட்டு, சந்தேகக் கேஸ்களை மட்டும் ஆய்வுக்குள் அனுப்புகிற பழக்கம் அங்கே அடைபட்டது. குழாய் விட்டு எடுத்தவர்களில் 32.6 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். வழக்கமான மருத்துவம் மட்டும் கிடைத்தவர்களில் 19.1 சதவீதம். அந்த முடிவு வெளியானதும் மற்ற நாடுகளில் நடந்துகொண்டிருந்த ஆய்வுகளை இடையில் நிறுத்திக் கணக்குப் பார்த்தார்கள். எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. ஐந்து ஆய்வுகளின் 1,287 பேரையும் சேர்த்து 2016ல் வெளியிட்ட கணக்கில் அது 46 சதவீதம், எதிரே 26.5 சதவீதம். சிகிச்சை பெறுகிற ஐந்து பேரில் இரண்டு பேருக்கு ஊனம் ஒரு படியாவது குறைகிறது. மருத்துவத்தில் இவ்வளவு பெரிய பலன் அபூர்வம்.

அதே கணக்கில் மூளைக்குள் ஆபத்தான ரத்தக்கசிவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், 4.4க்கு 4.3. குழாய் விட்டால் ரத்தம் கசிந்துவிடும் என்று பயந்து பின்வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 80 வயதைக் கடந்தவர்களுக்கும் பலன் இருந்தது. ஆகவே "வயசாயிடுச்சு, எதற்குத் தொந்தரவு" என்பது தனியாக ஒரு காரணமாக நிற்காது. சிக்கல்கள் இல்லாமல் இல்லை. குழாய்ச் சுவர் கிழியலாம், கட்டி உடைந்து ஒரு துண்டு வேறு கிளைக்குள் போகலாம், தொடையில் ரத்தம் கட்டலாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 46 சதவீதம் என்றால் பாதிக்கு மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் பிறகும் பிறர் துணையோடுதான் இருக்கிறார்கள். இறப்பு விகிதத்திலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பலன் முக்கியமாக ஊனத்தைக் குறைப்பதில் இருக்கிறது. "காப்பாற்றிவிடுவார்களா" என்று கேட்பதைவிட, எந்த நிலையில் வீட்டுக்கு வருவார் என்று கேட்டால் டாக்டரால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

2018ல் இரண்டு ஆய்வுகள் நேரத்தின் எல்லையை நகர்த்தின. டான் என்கிற ஆய்வு 6 முதல் 24 மணி நேரம் வரை, டிஃப்யூஸ்-3 என்கிற ஆய்வு 6 முதல் 16 மணி நேரம் வரை. மூளையில் செத்துப்போன பகுதி சிறிதாகவும், தவித்துக்கொண்டிருக்கிற பகுதி பெரிதாகவும் இருக்கிறதா என்று விசேஷ ஸ்கேன் மூலம் பார்த்து, அப்படி இருந்தவர்களை மட்டும் எடுத்தார்கள். தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் நிலைக்கு வந்தவர்கள், குழாய் விட்டவர்களுக்கு எதிரே மருந்து மட்டும் பெற்றவர்கள் என்று பார்த்தால், டானில் 49க்கு 13, டிஃப்யூஸ்-3ல் 45க்கு 17 சதவீதம். காலையில் எழும்போதே கை விழுந்திருக்கிறது, எப்போது வந்தது என்றே தெரியாது என்கிற நோயாளிகளுக்கு இது பெரிய கதவைத் திறந்துவிட்டது. ஆனால் 24 மணி நேரம் இருக்கிறது, பொறுமையாகப் போகலாம் என்று இதைப் புரிந்துகொண்டால் ஆபத்து. இத்தனை நேரம் தாக்குப்பிடிக்கிற மூளை யாருக்கு வாய்த்திருக்கிறது என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும்.

ஏற்கெனவே பெரிய பகுதி செத்துவிட்டால்? முன்பு அவர்களைத் தொடமாட்டார்கள். 2022, 2023ல் ஜப்பான், அமெரிக்கா, சீனா என்று வந்த ஆய்வுகள் அதையும் மாற்றின. அவற்றில் செலக்ட்-2 என்கிற ஆய்வில் தன் வேலையைத் தானே பார்க்கும் நிலைக்கு வந்தவர்கள் 20 சதவீதம், எதிரே 7. பின்மூளைக்குப் போகும் பெசிலார் குழாய் அடைப்பிலும் 2022ல் இரண்டு சீன ஆய்வுகள் குழாய் சிகிச்சைக்குச் சாதகமாக வந்தன.

இந்த வெற்றி வரிசையைப் பார்த்து எல்லா அடைப்புக்கும் கம்பி விடலாம் என்று நினைத்தவர்களுக்கு 2025ல் பதில் வந்தது. சற்று உள்ளே தள்ளி இருக்கிற நடுத்தர அளவுக் கிளைகளில் முயன்று பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும் பலன் தெரியவில்லை. அவற்றில் கனடாவிலிருந்து நடத்தப்பட்ட ஆய்வில் நன்றாகத் தேறியவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே (41.6க்கு 43.1), இறப்பு குழாய் விட்டவர்களிடம்தான் அதிகம், 13.3க்கு 8.4. ஆகவே "எந்தக் குழாய்?" என்கிற கேள்வியைக் குடும்பத்தார் தயங்காமல் கேட்க வேண்டும். பெரிய குழாய் என்றால் கையெழுத்துப் போடத் தாமதிக்காதீர்கள். சின்னக் கிளை என்றால், ஊசி மட்டும் போதும் என்று டாக்டர் சொல்வது பணம் இல்லாதவர்களுக்கான இரண்டாந்தர ஏற்பாடு இல்லை.

இன்னொரு குழப்பம், ஊசியா குழாயா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எண்ணுவது. ஊசிக்குத் தகுதியுள்ளவருக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் குழாய் விடுவது வழக்கம். ஊசியைத் தவிர்த்து நேராகக் குழாய் விட்டால் போதாதா என்று ஆறு ஆய்வுகள் முயன்றன. போதும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2025ல் சீனாவில் வந்த ஆய்வில் டெனெக்டிபிளேஸ் போட்டுவிட்டுக் குழாய் விட்டவர்களில் 52.9 சதவீதம் பேரும், ஊசி இல்லாமல் குழாய் மட்டும் விட்டவர்களில் 44.1 சதவீதம் பேரும் நல்ல நிலைக்கு வந்தார்கள். ஊசி போட்டாயிற்று, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அனுப்பலாம் என்று காத்திருப்பதும் தவறு. ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டும்.

சரி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஊசிதான் உண்டு, குழாய் விடும் வசதி மாவட்டத் தலைநகரில் என்றால் எங்கே போவது? ஸ்பெயினின் கட்டலோனியாவில் இதையே ஆய்வாக நடத்தினார்கள். 2022ல் வந்த முடிவு: பக்கத்து மையத்துக்கு முதலில் போனவர்களுக்கும் நேராகப் பெரிய மையத்துக்குப் போனவர்களுக்கும் இறுதி நிலையில் வித்தியாசமில்லை. ஆனால் அங்கே ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது நன்றாகப் பழகிய ஏற்பாடு. அது இல்லாத ஊரில், ஊசி போடுகிற ஆஸ்பத்திரி எது, குழாய் விடுகிற ஆஸ்பத்திரி எது என்று முன்பே தெரிந்துவைத்திருப்பதும், தமிழ்நாட்டில் 108ஐயோ இலங்கையில் 1990ஐயோ அழைக்கும்போதே பக்கவாதம் என்று சொல்லிவிடுவதும்தான் வழி. ஸ்கேனே இல்லாத கிளினிக்கில் இறங்கி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு இருக்கிற நேரம் முழுக்க நஷ்டம்.

இனி இரண்டாவது நிலைமை. சின்ன ஸ்ட்ரோக் வந்து தேறிவிட்டார், அல்லது சில நிமிஷம் பேச்சுக் குழறிச் சரியாகிவிட்டது. படம் எடுத்தால் மண்டைக்குள் ஒரு குழாய் 70, 80 சதவீதம் சுருங்கியிருக்கிறது. இந்த வகைச் சுருக்கம் வெள்ளையர்களைவிட ஆசியர்களிடம் அதிகம், ஆகவே நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. (கழுத்தில் இருக்கிற கரோடிட் குழாய்ச் சுருக்கம் தனி விஷயம். அங்கே ஆபரேஷனுக்கு நல்ல இடம் உண்டு.)

சுருங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைத்து விரித்தால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். அமெரிக்காவில் 50 மையங்களில் நடந்த சாம்ப்ரிஸ் என்கிற ஆய்வு அதைத்தான் சோதித்தது. 70 முதல் 99 சதவீதம் சுருக்கம் இருந்து, கடந்த ஒரு மாதத்துக்குள் அறிகுறி வந்தவர்கள். 764 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 451 பேரோடு 2011ல் நிறுத்திவிட்டார்கள். ஸ்டென்ட் பக்கம் நிலைமை அவ்வளவு மோசம். 30 நாளுக்குள் ஸ்ட்ரோக் அல்லது இறப்பு ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 5.8. ஆரம்ப ஆபத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் ஸ்டென்ட் முந்தும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். மூன்று வருஷம் பார்த்த பிறகும் 23.9க்கு 14.9. முந்தவில்லை. வேறு வகை ஸ்டென்ட் வைத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வும் அதே பக்கம்.

இதயத்தில் பயன்படுவது மூளையில் ஏன் உதைக்கிறது? மூளைக் குழாய்களின் சுவர் மெல்லியது, சுற்றிலும் தாங்கிப்பிடிக்கத் தசை கிடையாது. அவற்றிலிருந்து முடியைப் போன்ற நுண்கிளைகள் பிரிந்து மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. ஸ்டென்ட்டை விரிக்கும்போது, களிமண்ணில் விரலை அழுத்தினால் ஓரம் பிதுங்குவதைப் போல, கொழுப்புப் படிவு பிதுங்கி அந்த நுண்கிளைகளின் வாயை மூடிவிடுகிறது. கிளை சின்னதாக இருக்கலாம், ஆனால் அது போய்ச் சேருகிற இடம் கை கால்களை இயக்கும் நரம்புப் பாதையாக இருந்தால் ஒரு பக்கமே விழுந்துவிடும்.

சாம்ப்ரிஸில் ஜெயித்த மருத்துவம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது வெறும் "மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்" இல்லை. ரத்தம் கட்டாமல் தடுக்கத் தினமும் ஆஸ்பிரின் 325 மில்லிகிராம், முதல் 90 நாள் அதோடு அதே வேலைக்கு க்ளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம். மேல் பிபி 140க்குக் கீழே, சுகர் உள்ளவர்களுக்கு 130க்குக் கீழே. கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே வரும்வரை ரோசுவாஸ்டாடின். புகையை விடவும் உடற்பயிற்சிக்கும் எடைக்கும் கூடவே இருந்து வழிநடத்த ஆள். இதை ஒழுங்காகச் செய்தவர்களுக்குத்தான் அந்த 5.8. பிபி மாத்திரையை "இப்போ நார்மல்தான்" என்று பத்து நாளில் நிறுத்திவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல இடமில்லை. ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து ஆஸ்பிரினைவிட நல்லதா என்பதையும் 2005லேயே பார்த்துவிட்டார்கள். பலன் கூடவில்லை, ஆபத்துதான் கூடியது.

மருந்து கட்சி இங்கே முழுசாக ஜெயித்துவிட்டதா என்றால், அப்படிச் சொல்லவும் நான் தயாரில்லை. சரியான மருத்துவத்துக்குப் பிறகும் மறுபடி ஸ்ட்ரோக் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க அரசு 2012ல் சாம்ப்ரிஸில் பயன்படுத்திய ஸ்டென்ட்டை, தீவிர மருத்துவத்துக்குப் பிறகும் இரண்டு தடவைக்குக் குறையாமல் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அந்த விதிப்படி அனுபவசாலிகள் செய்த 152 பேரில் ஆரம்பச் சிக்கல் 2.6 சதவீதம்தான் என்று 2019ல் வந்தது. 2022ல் சீனாவில் நோயாளிகளையும் டாக்டர்களையும் பொறுக்கி எடுத்துச் செய்தபோது ஸ்டென்ட்டும் மருந்தும் ஏறக்குறைய சமமாக வந்தன: ஸ்ட்ரோக் அல்லது இறப்பு 8.0க்கு 7.2 சதவீதம். 2024ல் அங்கேயே ஸ்டென்ட் வைக்காமல் பலூனால் மட்டும் மெதுவாக, முழு அளவுக்குக் குறைவாக விரித்துப் பார்த்தார்கள். பேசிஸ் என்கிற அந்த ஆய்வில் ஒரு வருஷத்தில் ஸ்ட்ரோக் போன்ற பாதிப்பு வந்தவர்கள் பலூன் பக்கம் 4.4 சதவீதம், மருந்துப் பக்கம் 13.5. முதன்முதலாகக் குழாய் சிகிச்சைக்குச் சாதகமான முடிவு. ஆனால் முதல் மாத ஆபத்து பலூனில்தான் கூடுதலாக இருந்தது. மிகத் தேர்ந்த கைகள் செய்த வேலை அது. வேறு நாடுகளில் இதே முடிவு வரும்வரை, மாத்திரையை முதலில் வைத்து, அதையும் மீறி ஸ்ட்ரோக் வந்தால் பலூனைப் பற்றிக் கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

இரண்டு நிலைமைகளும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதும் உண்டு. சுருங்கிய குழாயிலேயே கட்டி உட்கார்ந்து முழுசாக அடைத்துவிடும். கட்டியை எடுத்த பிறகு குழாய் மறுபடி மூடப் பார்க்கும். அந்த மேஜையிலேயே பலூனோ ஸ்டென்ட்டோ வைப்பதா என்பதில் 2024ல் வந்த சீன ஆய்வு பொதுவான பலன் எதையும் காட்டவில்லை. இங்கே சிகிச்சை செய்துகொண்டிருக்கிற டாக்டரின் தீர்மானத்துக்கு விடுவதைத் தவிர குடும்பத்தாரால் அதிகம் செய்ய முடியாது.

மற்ற எல்லா இடத்திலும் கேட்கலாம். திடீர் அடைப்பில் வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்க நேரம் கிடையாது. கடைசியாக அவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லிவிட்டு, பெரிய குழாயா என்று கேட்டு, ஆம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். செலவும் காப்பீடும் பற்றிய பேச்சை ஒருவர் தனியாகக் கவுண்ட்டரில் பார்க்கட்டும். நோயாளி ஆஞ்சியோ அறைக்குப் போவது அதற்காக நிற்கக் கூடாது. சுருங்கிய குழாய்க்கு ஸ்டென்ட் என்று சொன்னால் அவசரம் இல்லை. படங்களை வாங்கிக்கொண்டு இன்னொரு நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். சுருக்கம் எத்தனை சதவீதம், மாத்திரையில் இருக்கும்போதே ஸ்ட்ரோக் வந்ததா, இந்தக் கையால் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள், அதில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது என்று கேளுங்கள். மருந்து என்று முடிவானால், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் என்கிற இரண்டு மாத்திரைகளில் எதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு என்று தொடங்கியதை யாரும் நிறுத்தச் சொல்லாமல் வருஷக்கணக்கில் இரண்டையும் சேர்த்தே விழுங்கி, வயிற்றில் ரத்தக்கசிவோடு திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.